வெட்கம் வேண்டாம், கணக்கு வேண்டும்!

நாஞ்சில் நாட்டில் ஒருவனைக் கேலி செய்வதென்றால், "இவனை ஊளம்பாறைக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்பது பழைய வழக்கம். ஊளம்பாறை என்பது திருவனந்தபுரத்து மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் இடம். திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் நமக்கு அதுதான் கதி. 1956 நவம்பர் 1-ந் தேதி குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அதன் பின் நமது ராஜ்ய சர்க்காரின் மனநோய் ஆஸ்பத்திரி சென்னைக் கீழ்ப்பாக்கம் என்றாயிற்று. சுமார் 700 கிலோமீட்டர் தூரம்! கூலிக்காரன் எப்படிப் போவான்? ஆஸ்பத்திரி தூரப் போயிற்று. கேலி மட்டும் ஊரிலேயே தங்கிற்று.

இன்று அந்த நிலை இல்லை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே மனநோய்க்கு வைத்தியம் உண்டு. 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-ல் அது மாவட்டத் திட்டமாக விரிந்தது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில் தொடங்கி, பின்னர் நமது மாவட்டத்துக்கும் வந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி. இந்தத் திட்டத்துக்கு வரும் பணம் எவ்வளவு? எதற்குச் செலவாகிறது? உங்களில் யாருக்காவது தெரியுமா?

தெரியாது. ஏன்? நாம் கேட்பதில்லை.

ரேஷன் கடையில் அரிசி குறைந்தால் நமது தாய்மார்கள் சும்மா விடுகிறார்களா? "எடை போட்டுக் காட்டு" என்று கடை முன்னால் நிற்கிறார்கள். களத்தில் கூலி நெல் அளந்தபோது மரக்கால் சரிந்தால் விவசாயத் தொழிலாளி விட்டானா? போனஸ் கேட்ட மில் தொழிலாளி, "லாப நஷ்டக் கணக்கை எடுத்து வை" என்று முதலாளியிடம் நேருக்கு நேர் கேட்கவில்லையா? அதே தொழிலாளி, தன் மகனுக்கு மனநோய் மாத்திரை கிடைக்கவில்லை என்றால் தலையைக் குனிந்து திரும்பி வருகிறான். கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறான். இந்த வெட்கம்தான் கணக்கைப் பூட்டி வைத்திருக்கும் பூட்டு. பணம் செலவழிக்கும் இடத்தில் கேள்வி கேட்க ஆளில்லை என்றால், அங்கே அலட்சியம் குடியேறும். ஊழலும் பின்னால் வரும்.

யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் என்ன நடக்கும்? ஏர்வாடியை மறக்கலாமா? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல விடுதியில் தீப்பிடித்தது. நோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. லைசென்சும் சோதனையும் கட்டாயம் என்று 1987-ம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. விடுதியின் வாசலை எட்டவில்லை. சாவு விழுந்த பிறகுதான் சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. அதிகாரிகள் ஓடி வந்தார்கள்.

அதற்குப் பின் 2017-ல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. சங்கிலி போடக் கூடாது என்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை என்கிறது. பட்டியலில் உள்ள மருந்து, வட்டார அளவிலான சுகாதார நிலையம் முதல் மேலே எல்லா சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும், எந்த நேரமும் இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது. மாநில மனநல ஆணையத்தின் கணக்கை மத்தியத் தணிக்கை அதிகாரி சோதிக்க வேண்டும், ஆண்டறிக்கையைச் சட்டசபையில் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

சட்டசபையில் வைத்த அறிக்கை தோவாளைக்கு வருமா? பேச்சிப்பாறை ரப்பர்த் தோட்டத்துக்கு வருமா? அங்கிருந்து ஒரு தாய் மகனை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. "மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா" என்றால் இரண்டு நாள் கூலி. இடையில் மாத்திரை நின்றால் அடங்கியிருந்த நோய் திரும்புகிறது. கணக்கில் ஒரு வரி தவறினால் ஒரு குடும்பமே குலைகிறது!

பணம் சிறியதல்ல. ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வரை உதவி என்று மத்திய சர்க்கார் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆனால் தேசிய மனநலத் திட்டத்துக்கு 2018-19-ல் 50 கோடி ஒதுக்கிய அதே சர்க்கார், 2019-20-ல் 40 கோடியாக வெட்டியது. மேலே வெட்டியது கீழே எந்த மருந்தில், எந்த டாக்டர் பதவியில் விழுந்தது? இதை நமக்குச் சொன்னவர் யார்?

பணக்கார அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கலிஃபோர்னியா ராஜ்யத்தில் 2004-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவன் மீது 1 சதவீத வரி போட்டு, மனநல வைத்தியத்துக்கென்று ஒதுக்கினார்கள். நல்ல காரியம். என்ன நடந்தது? 2018-ல் அந்த ராஜ்யத் தணிக்கை அதிகாரி பார்த்தபோது, 23 கோடி டாலர் செலவாகாமல் மாவட்ட நிர்வாகங்களிடம் கிடந்தது. பணம் வந்தால் மட்டும் போதாது, தோழர்களே! அது நோயாளியின் கைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

"நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டாமா?" என்று அதிகாரிகள் கேட்கலாம். கட்டாயம் காக்க வேண்டும். நோயாளியின் பெயரும் நோயும் ரகசியம். ரூபாயும் மருந்தும் ரகசியமல்ல; அது ஜனங்களின் பணம்.

ஆகவே நாம் கோருவது இவை:

1. மனநலத் திட்டத்தின் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு, எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஒட்ட வேண்டும்.

2. எந்த மருந்து எவ்வளவு இருப்பு, எத்தனை நாள் இல்லை, எந்தப் பதவி காலி என்பதை மாதந்தோறும் பலகையில் எழுத வேண்டும்.

3. 2005-ல் வந்த ஊரக வேலைச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. கிராம சபையில் கணக்கை உரக்கப் படிக்க வைத்தது. மனநலக் கணக்கையும் அப்படியே படிக்க வேண்டும்.

4. மறு ஆய்வு வாரியத்தில் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் இடம் உண்டு என்கிறது 2017-ம் ஆண்டுச் சட்டம். நமது மாவட்டத்துக்கு அவர்கள் யார் என்று அறிவிக்க வேண்டும்.

சர்க்கார் தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைவர் கலெக்டர். மனு அவர் அலுவலகத்துக்கே போகட்டும். அடுத்த கிராம சபையில், நோயாளி உள்ள குடும்பத்தைத் தனியாக எழ விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரனும் எழட்டும், சங்கத்தோழனும் எழட்டும்.

காய்ச்சலுக்கு மருந்து கேட்க வெட்கப்படுகிறோமா? மனதின் நோய்க்கு மட்டும் ஏன் வெட்கம்? தலை நிமிர்ந்து கேட்போம்: எங்கள் பணம் எங்கே? எங்கள் மருந்து எங்கே?