ஒரே ஃபைலை இரண்டு பேர் திருத்தினால்... பூட்டு இருக்கிறதா?

காரைக்காலில் ஒரு தெருவின் விழாக்குழு என்று வைத்துக்கொள்வோம். நன்கொடைப் பட்டியல் ஒரே ஃபைலில் இருக்கிறது. பொருளாளர் ஊரிலேயே இருக்கிறார். கணக்கு பார்ப்பவர் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில் வேலை செய்கிறார். இரவு 8 மணிக்கு இருவரும் அதே ஃபைலைத் திறக்கிறார்கள்.

பொருளாளர் ஐந்து பெயர்களைச் சேர்த்து சேவ் செய்கிறார். பத்து நிமிடம் கழித்து மற்றவர் தன்னிடம் திறந்திருந்த பழைய பிரதியைத் திருத்தி சேவ் செய்கிறார். அவ்வளவுதான், அந்த ஐந்து பெயர்களும் காலி! மறுநாள் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கு என்ன பதில்? யாரும் பணத்தை எடுக்கவில்லை. ஆனால், பழி வந்துவிடும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'வெப்டேவ்'. சர்வரில் உள்ள ஃபைலைத் தூரத்தில் இருந்தே திறந்து, திருத்தி, அங்கேயே சேமிக்கும் வழி. 1999-ல் இணையத் தரமாக வெளியாகி, 2007-ல் திருத்தப்பட்டது. சொந்த சர்வரில் பலர் பயன்படுத்தும் நெக்ஸ்ட்கிளவுட் இதையே நம்பியிருக்கிறது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

ஃபைலைத் திறக்கும்போதே, லிப்ரே ஆஃபீஸ் போன்ற செயலி சர்வரிடம் பூட்டு கேட்கும். சர்வர் ஒரு தனி அடையாள எண்ணைத் தரும். அதுதான் சாவி. அது இல்லாமல் வேறொருவர் சேவ் செய்ய முயன்றால், '423 - பூட்டப்பட்டுள்ளது' என்று சர்வர் மறுத்துவிடும். வேலை முடிந்ததும் பூட்டு திறக்கும். நடுவில் கரன்ட் போய்விட்டாலும் கவலையில்லை. பூட்டுக்குக் கெடு நேரம் வைக்கலாம். அது முடிந்ததும் தானாகவே விலகிவிடும்.

சர்வரில் செய்ய வேண்டியவை

* அப்பாச்சி சர்வரில் 'மாட் டேவ்', 'மாட் டேவ் எஃப்எஸ்' இரண்டையும் இயக்க வேண்டும்.

* 'டேவ் லாக் டிபி' என்ற வரியில், பூட்டுகளின் கணக்கை எந்த ஃபைலில் எழுதுவது என்று குறிப்பிட வேண்டும். அந்த ஃபோல்டரில் எழுத சர்வருக்கு அனுமதி வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது.

* பகிர வேண்டிய ஃபோல்டருக்கு மட்டும் 'டேவ் ஆன்' கொடுத்தால் போதும்.

* ஒவ்வொருவருக்கும் தனி பாஸ்வேர்டும், ஹெச்டிடிபிஎஸ்ஸும் கட்டாயம். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் சர்வரில் ஃபைலை ஏற்றலாம், அழிக்கலாம்.

என்ஜின்எக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதனுடன் வரும் டேவ் வசதியில் பூட்டு கிடையாது. தனியாக ஒரு மாட்யூல் சேர்க்க வேண்டும். பூட்டு வசதி இல்லாத சர்வரை மேக் கம்ப்யூட்டரின் ஃபைண்டர், படிக்க மட்டுமே திறக்கும்.

கூகுள் டாக்ஸ் போதாதா என்று கேட்கலாம். அதில் இருவரும் ஒரே நேரத்தில் எழுத முடியும், உண்மைதான். ஆனால் ஃபைல் இருப்பது கூகுளிடம். நம் சர்வரிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் வெப்டேவ்.

ஒன்றை மறக்கக் கூடாது. பூட்டு கேட்காத சாதாரண எடிட்டரில் இருவரும் திறந்தால், பழைய கதைதான். எல்லோரும் ஒரே செயலியைப் பயன்படுத்துவதும், தினமும் ஒரு பேக்கப் எடுப்பதும் நல்லது. ரசீதும் பட்டியலும் ஒத்துப்போனால் ஊரில் பேச்சே எழாது!