நிதித் துறைக்கு எந்தப் பட்டம்?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கலை, அறிவியல் கல்லூரிகளில் பி.காம். விண்ணப்பங்கள் குவியத் தொடங்கிவிடும். பொது, கணினிப் பயன்பாடு, வங்கி மேலாண்மை, கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், கணக்கியலும் நிதியும் என ஒரே பட்டம் பல பெயர்களில் கிடைக்கிறது. வங்கி வேலைக்கு வங்கி மேலாண்மைதான் பொருத்தம் என்று பெயரைப் பார்த்தே பல குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. வேலை தருபவர்கள் அந்தப் பெயரைக் கேட்பதில்லை. ஐ.பி.பி.எஸ்., ஸ்டேட் வங்கி அதிகாரி தேர்வுகளை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி பொதுப் பிரிவுக்கும் பாடக் கட்டுப்பாடு கிடையாது. சி.ஏ.வைப் பொறுத்தவரை, பட்டப்படிப்பில் வணிகவியல் பட்டதாரி 55 சதவீதமும், மற்ற பட்டதாரி 60 சதவீதமும் பெற்றிருந்தால் இருவருமே ஃபவுண்டேஷன் தேர்வைத் தாண்டி நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம்.

பி.காம். முடித்தவருக்கு எதிர்த்திசையில் வழி இவ்வளவு தாராளமாக இல்லை. ரிசர்வ் வங்கியின் புள்ளியியல் துறைக்குப் புள்ளியியலிலோ கணிதத்திலோ அவற்றுக்கு நெருங்கிய பாடத்திலோ பொதுவாக முதுநிலைப் பட்டம் வேண்டும். அந்த முதுநிலைப் படிப்பில் பி.காம். முடித்தவருக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. காப்பீட்டு நிறுவனங்கள், இடர்களைக் கணக்கிடும் ஆக்சுவரி இல்லாமல் இயங்க முடியாது. அந்தத் தொழிலின் நுழைவுத் தேர்வே கணிதத்தையும் புள்ளியியலையும் சோதிக்கிறது. ஆகவே நிதித் துறையின் எந்த மூலைக்குப் போவது என்று இன்னும் தீர்மானிக்காத மாணவருக்குக் கணிதம், புள்ளியியல் அல்லது கணிதத்தைக் கறாராகக் கற்பிக்கும் பொருளியல்தான் நல்ல தேர்வு என்பேன். அங்கிருந்து இரு பக்கமும் போகலாம்.

பாடங்களின் ஆயுளையும் பார்க்க வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, அதுவரை கற்பித்த மறைமுக வரிப் பாடத்தின் பெரும்பகுதி பழசானது. 1956-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் முதல் நாளை அமலாகும் தேதியாகக் கொண்டது. சட்டம் மாறும்போது தொழிலில் இருப்பவர் திரும்பப் படித்துக்கொள்கிறார். அது முடிகிற காரியம். நிகழ்தகவை முப்பது வயதில், வேலைக்கு நடுவே, முதன்முறையாகப் படிப்பது மிகக் கடினம். ஆனால் கணக்கியலே இன்று அதைக் கேட்கிறது. லாரிக்கும் டிராக்டருக்கும் கடன் கொடுத்து வளர்ந்த சென்னையின் பெரிய நிதி நிறுவனங்கள், 2018 முதல் புதிய கணக்கியல் தரநிலையின்படி ஏடுகளை எழுதுகின்றன. தவணை தவறிய பிறகு நஷ்டத்தைக் காட்டுவது பழைய முறை. இப்போது கடன் கொடுத்த காலத்திலேயே அது திரும்பாமல் போக எவ்வளவு வாய்ப்பு, அப்போது நிலுவை எவ்வளவு இருக்கும், வண்டியைப் பறிமுதல் செய்து விற்றாலும் எவ்வளவு கைவிட்டுப் போகும் என்று மதிப்பிட்டு ஒதுக்கி வைக்க வேண்டும். நிலுவை ஒரு லட்சம் ரூபாய், வாராமல் போகும் வாய்ப்பு 4 சதவீதம், போனால் பாதி நஷ்டம் என்றால் ஒதுக்கீடு 2,000 ரூபாய். பெருக்கலை எக்செல் செய்துவிடும். அந்த 4 எங்கிருந்து வந்தது, மழை பொய்த்த ஆண்டிலும் அது 4-தானா என்று கேட்கத் தெரிந்தவர்தான் நிறுவனத்துக்குத் தேவை.

சி.ஏ. என்று உறுதியாக முடிவெடுத்தவருக்கு பி.காம். தானே வசதி என்பார்கள். உண்மைதான். பாடங்கள் ஒத்துப்போகின்றன, உழைப்பு மிச்சமாகிறது. அவருக்கு நான் வேறு யோசனை சொல்ல மாட்டேன். கணக்கு வராத பிள்ளையை ஏன் வதைக்க வேண்டும் என்பது இன்னும் கனமான கேள்வி. பக்கத்து ஊர்க் கல்லூரியில் புள்ளியியல் துறையே இல்லாமல் இருக்கலாம். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு இருக்கும் ஒரே இடம் பி.காம். ஆகவும் இருக்கலாம். அப்போதும் தேர்வு செய்ய இடமுண்டு. சேர்க்கைக்கு முன் ஆறு பருவங்களின் பாடப்பட்டியலைக் கேட்டு வாங்கி, வணிகப் புள்ளியியல், நிதி மேலாண்மை, பொருளியல் ஆகியவை அதிகமுள்ள பிரிவில் சேரலாம். டாலி என்ற கணக்கு மென்பொருளைப் பிறகு சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம்.

உண்மையில் இந்த முடிவு கல்லூரி வாசலுக்கு முன்பே, பிளஸ் ஒன் சேர்க்கையில் எடுக்கப்பட்டுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் கணிதத்தில் மதிப்பெண் குறைந்தவர்களை வணிகவியல் பிரிவுக்குத் தள்ளுகிறோம். அங்கே வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஒரு விருப்பப் பாடம் மட்டுமே. எல்லாப் பள்ளிகளிலும் அது கிடைப்பதும் இல்லை. பதினைந்து வயதில் கணக்கை விட்ட பிள்ளைக்கு மேலே சொன்ன கதவுகளில் பாதி அன்றே மூடிவிடுகிறது. வணிகவியல் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் அந்தப் பாடத்தையும் அதற்கான ஆசிரியரையும் பள்ளிக் கல்வித் துறை உறுதி செய்ய வேண்டும்.