மனப்பாடத்துக்குப் பதில் ஓர் அட்டவணை

பென்சாயிக் அமிலத்தில் சோடியம் பைகார்பனேட் கரைசலைச் சேர்த்தால் நுரைத்துப் பொங்கும். பீனாலில் சேர்த்தால் பொங்காது. பிளஸ் டூ வேதியியல் மாணவர்கள் இதை ரெக்கார்டு நோட்டில் தவறாமல் எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்டால், ‘பீனால் அப்படித்தான்’ என்பதைத் தாண்டிப் பலரிடம் பதில் இருக்காது. புரோட்டானை ஓர் அமிலம் எவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கும் என்பதைச் சொல்லும் பி.கே.ஏ. மதிப்பில் அந்தப் பதில் இருக்கிறது. மதிப்பு ஒன்று குறைந்தால் அமிலத்தின் வலிமை பத்து மடங்கு கூடும். பென்சாயிக் அமிலத்துக்கு 4.2, கார்பானிக் அமிலத்துக்கு 6.4, பீனாலுக்கு 10. வலிமை மிக்க அமிலம் வலிமை குறைந்ததை அதன் உப்பிலிருந்து வெளியேற்றும். ஆகவே பென்சாயிக் அமிலம் கார்பானிக் அமிலத்தை வெளியேற்றுகிறது. அது கார்பன் டை ஆக்சைடாகப் பொங்குகிறது. பீனாலுக்கு அந்த வலிமை இல்லை. சோடியம் பீனாக்சைடு கரைசலில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் பீனால் பிரிந்து வருவதும் இதனால்தான். ‘பீனால் வகைகள் பொங்காது’ என்று உருப்போட்டவர் பிக்ரிக் அமிலத்தில் தடுக்கி விழுவார். அதுவும் பீனால் வகைதான். ஆனால் மூன்று நைட்ரோ தொகுதிகள் அதன் மதிப்பை 0.4 அளவுக்கு இறக்கிவிடுகின்றன. அது பொங்கும்.

இந்த எண்களை வைத்தே பாடம் நடத்தலாமே என்றால், இந்த விதியை மீறும் வினைகள் உண்டே என்று ஆசிரியர்கள் சிலர் தயங்கலாம். உண்டுதான். சாப்பாட்டு உப்பில் அடர் கந்தக அமிலத்தை ஊற்றினால், தன்னைவிட வலிமை மிக்க ஹைட்ரஜன் குளோரைடை அது வெளியேற்றிவிடுகிறது. காரணம், ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகத் தப்பிவிடுவதால் வினை திரும்பி வர வழியில்லை. காப்பர் சல்பேட் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினாலும் கதை இதேதான். கரையாத காப்பர் சல்பைடு வீழ்படிவாகி ஒதுங்கிவிடுகிறது. வாயுவோ வீழ்படிவோ உண்டா என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால் போதும். விதியைக் கைவிட வேண்டியதில்லை. விதி தெரியாதவருக்கு இவை வியப்பையே தராது, மேலும் இரண்டு சமன்பாடுகள், அவ்வளவுதான். இன்னொரு எச்சரிக்கையும் தேவை: இந்த எண் ஆபத்தின் அளவுகோல் அல்ல. ஹைட்ரோபுளோரிக் அமிலம் 3.2 மதிப்புள்ள, வலிமை குறைந்த அமிலம்; ஆனால் கண்ணாடியை அரிக்கும், தோலைத் துளைத்து எலும்பைத் தாக்கும்.

மனப்பாடச் சுமை கூடுமே என்பது இன்னொரு தயக்கம். எண்களை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? இருபது அமிலங்களின் மதிப்புகளைக் கேள்வித்தாளிலேயே அச்சிடலாம். பாடநூலில் இல்லாத ஓர் அமிலத்தையும் ஓர் உப்பையும் கொடுத்து, என்ன நடக்கும், ஏன் என்று கேட்கட்டும். பாடத்திட்டம் வகுப்போர் அடுத்த தேர்விலேயே இதைத் தொடங்க வேண்டும்.