எந்த பிளாக்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் புதிதாக யாரைப் பார்த்தாலும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பிளாக்?" என்பதுதான். பெயர், சொந்த ஊர் எல்லாம் அப்புறம். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அதையே 'வட்டம் 11', 'வட்டம் 25' என்று தமிழில் அச்சடிப்போம். வெளியூர்க்காரர்கள் அதைத் தாலுகா என்று நினைத்துக் குழம்புவார்கள். தாலுகாவுக்கும் வட்டம்தானே! அரசாங்கக் கணக்கில் பிளாக் என்றால் ஊராட்சி ஒன்றியம்; ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கிற பி.டி.ஓ.வோ வட்டார வளர்ச்சி அலுவலர். ஒரே சொல்லுக்கு எத்தனை வேஷம் பாருங்கள்.

பாத்ரூம் குழாய் அடைத்துக்கொண்டால் பிளாக். வேண்டாத போன் நம்பரைத் தடுத்தால் பிளாக். சுவர் எழுப்பினால் ஹாலோ பிளாக். பால் ஊற்றாத டீயும், தியேட்டர் வாசலில் கூடுதல் விலைக்கு விற்கிற டிக்கெட்டும்கூட பிளாக்தான். ஆனால் இந்த இரண்டும் கறுப்பைக் குறிக்கிற வேறு சொல்லாம். "வாயைக் குவிச்சு சொன்னா நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக், அகட்டிச் சொன்னா கறுப்பும்மா" என்று என் மகன் பாடம் எடுத்தான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். என் வாயிலும் ஒன்றுதான்.

இதுவரை சிரிக்கிற சமாசாரம். என் மாமியாருக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அத்தை அடுப்படியில் தலைசுற்றி விழுந்துவிட்டார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். "ஹார்ட்ல பிளாக் இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றார் டாக்டர். அவ்வளவுதான், அடுத்த நோயாளி உள்ளே வந்தாகிவிட்டது.

வெளியே வந்ததும் அத்தை, "நெஞ்சு கறுத்துப் போச்சாம்மா? உங்க மாமா 30 வருஷம் மைன்ஸ்ல இருந்தாரு, அவருக்கே ஒண்ணும் ஆகலையே. நம்ம ஊரு கரிகூட பழுப்புதானே!" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் எங்களுக்கு மட்டும் என்ன புரிந்துவிட்டது? ரத்தக்குழாய் அடைப்பு என்று நாங்களே முடிவு கட்டினோம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "எத்தனை பிளாக்? எத்தனை பர்சென்ட்?" என்றார்கள். ஒருவர் பூண்டு, இஞ்சி, எலுமிச்சை போட்டு அடைப்பைக் கரைக்கும் கஷாயம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரியைத் தள்ளிப் போட்டுவிட்டு, 12 நாள் அதைக் காய்ச்சிக் கொடுத்தேன். பதின்மூன்றாம் நாள் அத்தை மறுபடி மயங்கி விழுந்தார். நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 38.

அங்கே இருந்த டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டே காட்டினார். ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பது ஒன்று. அதற்கு ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து, மருந்தோ ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்வார்கள். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகிற மின்துடிப்பு தடைப்படுவது வேறொன்று. அது குழாய் அடைப்பு அல்ல; நாடி குறையும், மயக்கம் வரும். முற்றிலும் தடைப்பட்டால் பேஸ்மேக்கர் வைக்க வேண்டும். லேசான முதல் நிலை என்றால் பல பேருக்கு வைத்தியமே தேவைப்படாது, கவனித்து வந்தால் போதும். இரண்டுக்கும் ஜனங்கள் வாயில் ஒரே பேர், பிளாக்! போதாக்குறைக்கு, குழாயில் படிகிற அந்தக் கொழுப்புப் படிவத்துக்கும் இங்கிலீஷில் கிட்டத்தட்ட அதே ஒலிப்பில் ஒரு பேர் இருக்கிறதாம். முதல் எழுத்துதான் வேறு.

அத்தைக்கு நான் இப்படிச் சொன்னேன்: "தெர்மல்ல கரன்ட் தயாராகுது அத்தை, வீட்டுக்கு வர்ற லைன்லதான் கோளாறு." உடனே பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டர் இலக்கணமா நடத்துவார்?" என்கிறார் என் கணவர். 'ரத்தக்குழாய் அடைப்பு இல்லை, துடிப்பில் தடை' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தது எங்கள் தப்பும்தான். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், உப்பு எண்ணெய் குறைப்பதும், ராத்திரி எழுந்து பார்ப்பதும் நாம்தானே? பிளாக் என்று காதில் விழுந்தால் "குழாயிலா, துடிப்பிலா?" என்று கேளுங்கள். சீட்டில் எழுதியும் வாங்குங்கள். பக்கத்து வீட்டு கஷாயத்துக்கு அப்புறம் போகலாம்.

அத்தைக்கு பேஸ்மேக்கர் வைத்து இப்போது நன்றாக இருக்கிறார். போன வாரம் கோயிலில் ஒரு அம்மா, "உங்களுக்கு பிளாக்காமே, எத்தனை?" என்று துக்கமாக விசாரித்தார். "அதெல்லாம் இல்லம்மா, லைன் ஃபால்ட்டு. சரி பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டு அத்தை பிரகாரம் சுற்றக் கிளம்பிவிட்டார்.

– ஒரு வாசகி, நெய்வேலி