‘அதே மாத்திரை’ என்று எழுதுவது வைத்தியம் ஆகாது

அன்பு மாணவர்களே, உறவினர்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

முன்பெல்லாம் ஓ.பி. சீட்டில் டாக்டர் ‘சி.எஸ்.டி.’ என்று எழுதுவார். பழைய வைத்தியமே தொடரட்டும் என்று அர்த்தம். இப்போது பல கிளினிக்குகளில் அந்த மூன்று எழுத்தும் தேவையில்லை. கம்ப்யூட்டரில் ‘ரிப்பீட்’ பட்டனை அழுத்தினால் போன மாதப் பட்டியல் அப்படியே அச்சாகி வந்துவிடும். வகுப்பறையில் இதற்கு நாம் வைத்த பெயர் காப்பியடிப்பது.

பட்டியல் மாறாமல் இருக்கலாம், உடம்பு அப்படியே இருக்குமா? மெட்ஃபார்மின் நல்ல மாத்திரைதான். ஆனால் சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் அதைக் கொடுக்கக் கூடாது. எனலாபிரில் சாப்பிடுகிறவருக்குக் கிரியேட்டினினும் பொட்டாசியமும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கிளிபென்கிளமைடு வயதானவர்களுக்குச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும்.

எங்கள் சின்னம்மாவுக்கு அதுதான் நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தபோது, சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது என்று கிளிபென்கிளமைடை நிறுத்தினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் வழக்கமான கிளினிக்கில் அந்தச் சீட்டைக் காட்டினோம். கம்ப்யூட்டரோ பழைய பட்டியலையே அச்சடித்தது. மருந்துக்கடையிலும் அதையே கொடுத்தார்கள். நான்காம் நாள் விடிகாலை வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிக் கிடந்தார். சர்க்கரை 42. மருமகள் சமயோசிதமாகச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதியைப் பாருங்கள். மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டர் சீட்டில் குறிப்பிட்டாலொழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. இத்தனை தடவை, இத்தனை நாள் இடைவெளி என்று எழுதியிருந்தால் அதன்படிதான் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வராத காலத்திலேயே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் எலெக்ட்ரானிக் ரிப்பீட் சீட்டுக்கு உச்சவரம்பு 12 மாதம்.

நம் மாநிலத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் அருமையான திட்டம். பஸ் ஏற முடியாத முதியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் குளுக்கோமீட்டருக்குச் சிறுநீரகம் தெரியாது. மாத்திரை வீடு தேடி வரும் காலத்தில்தான், டாக்டர் மறுபடி பார்க்க வேண்டிய தேதி இன்னும் முக்கியமாகிறது.

“டாக்டர் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறார், நேரம் எங்கே?” என்பீர்கள். மாதாமாதம் ஆராயச் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு மாத்திரையும் இன்னும் வேண்டுமா என்று பார்க்கட்டும். இன்று யார் முறை என்று சொல்லத்தானே கம்ப்யூட்டர்? டி.சி. வாங்கிப் போன பையன் பெயரை நாங்கள் அடுத்த மாத வருகைப் பதிவேட்டில் ஏற்றியதில்லை. அறுபது பிள்ளைகள் இருந்த வகுப்பிலும் அது முடிந்தது.

சென்னையிலும் பெங்களூரிலும் சாஃப்ட்வேர் எழுதும் என் பிள்ளைகளே, உங்களுக்கு மூன்று வேலை. ஒன்று, எத்தனை தடவை, எந்தத் தேதி வரை என்று நிரப்பாமல் ரிப்பீட் பட்டன் வேலை செய்யக் கூடாது. இரண்டு, நிறுத்திய மாத்திரை காரணத்தோடு சிவப்பில் நிற்க வேண்டும். மூன்று, தேதி முடிவதற்கு முன்பே எச்சரிக்க வேண்டும். முடிந்துவிட்டது என்று நோயாளியை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. அட்டெனலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை போகும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். “இதில் எது இன்னும் தேவை, டாக்டர்?” என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கவும் வேண்டாம். கேள்வி கேட்கும் பிள்ளையைத்தான் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், இலுப்பூர்.