காஞ்சி பேருக்கு கிராக்கி! காஞ்சிப் பையனுக்கு?

காஞ்சிபுரம் என்ற பேருக்கு எப்போதும் கிராக்கிதான். பட்டுக்கு உண்டு. இட்லிக்கு உண்டு. கொஞ்ச காலம் கிரிக்கெட்டுக்கும் இருந்தது.

2016 ஆகஸ்டில் தமிழ்நாடு பிரிமியர் லீக் ஆரம்பமானபோது மொத்தம் 8 அணிகள். அதில் ஒன்று 'ரூபி காஞ்சி வாரியர்ஸ்'. நம்ம ஊர் பேர் டி.வி.யில் வருகிறது என்று மூங்கில் மண்டபம் டீக்கடையில் எல்லாருக்கும் குஷி. இரண்டே சீசன். 2018-ல் அந்த அணி மூட்டை கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய் 'ரூபி திருச்சி வாரியர்ஸ்' ஆகிவிட்டது.

சரி, போனால் போகட்டும் என்று பார்த்தால், அதே வருஷம் திருவள்ளூர் பேரில் ஆடிக்கொண்டிருந்த இன்னொரு அணி நம்ம பேரை எடுத்து 'வி.பி. காஞ்சி வீரன்ஸ்' ஆனது. 2018, 2019 இரண்டு சீசன் ஆடினார்கள். அப்புறம் கொரோனா. 2020-ல் லீக்கே இல்லை. 2021-ல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் அதுவும் 'நெல்லை ராயல் கிங்ஸ்'!

ஆக, இரண்டு அணிகள், நான்கு சீசன். காஞ்சிபுரத்தில் நடந்த ஆட்டம் எத்தனை? ஒன்றுகூட இல்லை. சேப்பாக்கத்தில் நடந்தது, திண்டுக்கல் பக்கம் நத்தத்தில் நடந்தது, நெல்லை சங்கர் நகரில் நடந்தது. வாடகை கொடுக்காமல் குடியிருந்துவிட்டு, சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது கதை.

இப்போது எதற்கு இந்தப் பழங்கணக்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடை. வாசலில் நின்று "வாங்கம்மா, வாங்க சார்" என்று கூப்பிடுகிற வாலிபர். வயசு 26 இருக்கும். வேறு ஒரு செய்தி விஷயமாகப் போன நமக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, "நான் காலேஜ் டீம்ல ஓப்பனிங் பௌலர் சார்" என்றார். பர்ஸைத் திறந்தார். நான்காக மடித்த ஒரு சர்டிபிகேட் நகல். மடிப்பில் கிழிந்து, ஸெலோ டேப் ஒட்டியிருந்தது.

"காலேஜ் முடிச்சதும் என்னாச்சு?" என்றோம்.

"என்ன ஆகும் சார்? முடிஞ்சுது."

அந்த ஒரு வார்த்தைதான் இந்தத் தலையங்கம்.

முடிந்து போகிற வயசு

கல்லூரி இருக்கும்வரை ஆட்டக்காரனுக்கு மைதானம் உண்டு, பந்து உண்டு, மேட்ச் அன்றைக்கு ஒரு முட்டை பிரியாணியும் உண்டு. டிகிரி கையில் வந்த மறுநாள் எல்லாம் நின்றுவிடும். கிரிக்கெட் மட்டும் இல்லை. கால்பந்து, கபடி, வாலிபால், கோ-கோ எல்லாவற்றிலும் இதே கதிதான். முன்னெல்லாம் நன்றாக ஆடுகிறவனை ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று யாராவது வேலை கொடுத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தக் கதவு எல்லாருக்கும் திறக்காது. மிச்சம் இருக்கிற பையன் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறுவான். இல்லையென்றால் பட்டுக் கடை. இல்லையென்றால் அப்பாவின் தறி.

22 வயசில் ஆட்டத்துக்கு ரிடையர்மெண்ட்! ஆபீஸ் குமாஸ்தாவுக்குக்கூட 58, 60 வரைக்கும் சர்வீஸ் கொடுக்கிறார்கள்.

இந்தப் புது லீகுகள் வந்ததில் நல்ல விஷயம் என்று ஒன்று இருந்தால், அது இதுதான். 2014-ல் புரோ கபடியும் ஐ.எஸ்.எல். கால்பந்தும் வந்தன. 2022-ல் பிரைம் வாலிபால், அல்டிமேட் கோ-கோ வந்தன. முடிந்தது என்று ஊர் நினைத்த பையனுக்கு மறுபடி ஒரு கதவு. சினிமாக் கதை இல்லை இது. நம்ம கண் எதிரே நடந்திருக்கிறது.

வருண் சக்கரவர்த்தி என்றால் இன்றைக்கு சின்னப் பையன்கூடச் சொல்வான். ஆனால் அவர் 17 வயசு வரை விக்கெட் கீப்பராக ஆடி, தேர்வில் திரும்பத் திரும்பத் தள்ளுபடியாகி, பேட்டைக் கீழே வைத்தவர். போய் எஸ்.ஆர்.எம்.மில் கட்டிடக் கலை படித்தார். காட்டாங்குளத்தூர் அப்போது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம்! (2019-ல் மாவட்டத்தை வெட்டியபோது செங்கல்பட்டுக்குப் போனது. அணி மட்டுமா போனது, மாவட்டமும் போனது!) படிப்பு முடித்து வீட்டு பிளான் போடுகிற வேலை. 25 வயசுக்கு மேல்தான் மறுபடி பந்தைத் தொட்டார். வேகப்பந்து போட்டுப் பார்த்தார், முழங்காலில் அடி. உட்கார்ந்து யோசித்து சுழல் பந்துக்கு மாறினார். சென்னை லீகில் நான்காவது டிவிஷன். அங்கே ஆடுகிறவனை யார் பார்ப்பார்கள்?

டி.என்.பி.எல். பார்த்தது. 2018-ல் மதுரை பாந்தர்ஸ் அணிக்கு ஆடினார். ஓவருக்கு ஐந்து ரன்கூடக் கொடுக்காமல் போட்டார். அந்த வருஷம் கோப்பையே மதுரைக்குத்தான். டிசம்பரில் ஐ.பி.எல். ஏலம். அடிப்படை விலை 20 லட்சம். சுத்தியல் விழுந்தது 8 கோடியே 40 லட்சத்தில்!

அதோடு கதை சுபம் இல்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும். 2019 ஐ.பி.எல்.லில் முதல் ஓவரிலேயே 25 ரன் அடித்தார்கள். காயம் வேறு. அந்த அணி கழற்றிவிட்டது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2020-ல் டெல்லிக்கு எதிராக 5 விக்கெட். 2021 உலகக் கோப்பைக்குப் போய், சரியாக அமையாமல், இந்திய அணியிலிருந்து மூன்று வருஷம் அம்போ. 2024 அக்டோபரில் திரும்ப வந்தார். 2025 மார்ச்சில் துபாயில், சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். கோப்பையும் இந்தியாவுக்கு. அப்போது அவருக்கு வயசு 33.

ஒரு சான்ஸ் இல்லை, மூன்று நான்கு சான்ஸ் தேவைப்பட்டிருக்கிறது அவருக்கு. நம்ம பையனுக்கு ஒன்றுகூடக் கொடுக்காமல் "திறமை இல்லை" என்று எப்படிச் சொல்வது?

தறிக்காரர் பிள்ளை

நடராஜன் கதை நம்ம பிள்ளையார்பாளையத்துக்கு இன்னும் நெருக்கம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. தகப்பனார் சேலை நெய்கிற பட்டறையில் கூலி. தாயார் சாலையோரம் கோழிக்கறிக் கடை. வாலிபர் 20 வயசு வரைக்கும் டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். 2015-ல் ரஞ்சியில் கால் வைத்ததும் பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார். கையைத் திருத்திக்கொண்டு 2016 டி.என்.பி.எல்.லில் திண்டுக்கல் அணிக்கு வந்தார். யார்க்கராகப் போட்டார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். 2023-ல் சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் கட்டித் திறந்துவிட்டார்.

சின்னப்பம்பட்டிக்கு மைதானம் வந்துவிட்டது. ஆயிரம் கோயில் ஊருக்கு?

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கர்ட் வார்னர் என்று ஒருவர். அவர்கள் ஊர் ஃபுட்பாலில், அதாவது கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஃபுட்பாலில், கல்லூரி ஆட்டக்காரர். 1994-ல் பெரிய அணி ஒன்று சேர்த்துக்கொண்டு, சீசன் தொடங்குமுன்பே வெளியே அனுப்பிவிட்டது. மனிதர் மளிகை சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிப்டில் அலமாரியில் சரக்கு அடுக்கினார். அப்புறம் உள்ளரங்கில் நடக்கும் ஒரு லீகில் சேர்ந்து மூன்று வருஷம் ஆடினார். அங்கேதான் அவரை மறுபடி பார்த்தார்கள். 2000 ஜனவரியில் அந்த நாட்டின் ஆகப்பெரிய ஆட்டமான சூப்பர் பவுலில் ஜெயித்து, ஆட்ட நாயகனும் ஆனார். கடையில் சரக்கு அடுக்குகிற பையனை இனிமேல் கொஞ்சம் மரியாதையாகக் கூப்பிடுங்கள் முதலாளிகளே!

உஷார்!

புது லீக் என்றதும் புது மோசடியும் வரும். கிரைம் எழுதுகிறவன் இதைச் சொல்லாமல் போனால் சோறு செரிக்காது.

2022-ல் குஜராத்தில் மெஹ்சானா மாவட்டத்து கிராமம் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். வயல் நடுவே பிட்ச். விளக்கு, காமிரா, அம்பயர் கையில் வாக்கி-டாக்கி. ஆடியவர்கள் பண்ணைக் கூலிகள். சென்னை, மும்பை, குஜராத் என்று சட்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஆட்டத்துக்கு 400 ரூபாய் கூலி. அதை யூடியூபில் 'ஐ.பி.எல்.' என்று காட்டி, ரஷ்யாவில் இருக்கிறவர்களிடம் சூதாட்டப் பணம் கறந்தார்கள்! போலீஸ் வந்து நிறுத்தியபோது போட்டி நாக்-அவுட் கட்டம் வரை வந்துவிட்டிருந்ததாம்.

நம்ம டி.என்.பி.எல்.லுக்கும் ஒரு தலைவலி வந்தது. 2019-ல் முன்பின் தெரியாத ஆசாமிகள் வாட்ஸ்அப்பில் நூல் விடுகிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் சிலரே புகார் செய்தார்கள். கிரிக்கெட் போர்டின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது. புகார் செய்த பையன்களுக்கு சபாஷ். ஆனால் யோசியுங்கள்: மாசம் பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் இருப்பவனிடம் ஒருவன் வந்து "உன்னை டீமில் சேர்த்துவிடறேன், ஐம்பதாயிரம் ரெடி பண்ணு" என்றால், அம்மா தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகும். நேர் வழி எது என்று ஊருக்குத் தெரிந்திருந்தால்தான் குறுக்கு வழிக்காரன் கடை காலி ஆகும்.

ஞாயிறு இல்லாத ஊர்

நேர் வழி இருக்கிறதா? பெயருக்கு இருக்கிறது. மாவட்ட கிரிக்கெட் சங்கம் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் பொதுமக்கள் பிரிவு என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். கல்லூரி முடித்தவனுக்கு அது நல்ல வாசல், மறுக்கவில்லை.

ஆனால் அறிவிப்பு வருவது இன்டர்நெட்டில். தேர்வு நடப்பது பெரும்பாலும் சனி, ஞாயிறு. இங்கேதான் சிக்கல்!

காஞ்சிபுரத்தில் ஞாயிறு என்றால் என்ன? சென்னையிலிருந்து கார் கார் ஆகக் கல்யாண வீட்டார் வந்து இறங்குகிற நாள். முகூர்த்த சீசனில் கேட்கவே வேண்டாம். கடையில் வேலை செய்கிற பையன் அன்றைக்கு லீவு கேட்டால், திங்கட்கிழமை வேலையே இருக்காது. தறிக்காரன் கதை வேறு. அவனுக்குக் கூலி புடவைக் கணக்கு. ஒரு நாள் எழுந்து போனால் புடவை ஒரு நாள் தள்ளிப்போகும், கூலியும் தள்ளிப்போகும். மழை மாசத்தில் குழித்தறியில் ஈரம் ஏறினால் வேலை தானாகவே நிற்கும்; அப்போதோ மைதானமும் குளம்!

இந்த ஊரின் வயிற்றுப்பாடு தெரிந்தவர்கள் தேர்வுக்கு நாள் குறித்திருந்தால் இப்படிக் குறிக்கமாட்டார்கள். செவ்வாய், புதனில் வையுங்கள். காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடியுங்கள். பையன் குளித்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவான். நோட்டீஸை பஸ் ஸ்டாண்டிலும் ராஜாஜி மார்க்கெட்டிலும் பிள்ளையார்பாளையம் தெரு முனையிலும் ஒட்டுங்கள். 19 வயசுக்குக் கீழ், 23-க்குக் கீழ் என்று மட்டும் போடாமல், 'வயது வரம்பு இல்லை' என்று ஒரு நாளாவது நடத்துங்கள். 25 வயசில் மறுபடி பந்தைத் தொட்டவர் எங்கே போய் நின்றார் என்று மேலே பார்த்தோம்.

பட்டு முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். கோடை வந்தால் ரோட்டுக்கு ரோடு விளம்பரத் தட்டி வைக்கிறீர்கள். ஒரு பெரிய தட்டி வைக்கிற காசில் பத்துப் பையன்களுக்கு ஷூ வாங்கலாம். உங்கள் கடைப் பேரைச் சட்டையில் போட்டு, கடை சார்பில் ஒரு அணி நடத்துங்கள். கடைக்குக் கடை மோதட்டும். கூட்டம் தானாக வரும், வியாபாரமும் வரும். சென்னையில் கம்பெனிகள் அணி வைத்துத்தான் லீக் கிரிக்கெட்டே வளர்ந்தது.

2021-ல் நகராட்சி மாநகராட்சி ஆனது. மாநகராட்சிக்கு வரி ஏற்றத் தெரிகிறது. கடை மூடிய பிறகு எட்டு மணிக்கு வருகிறவனும் ஓடிப் பழக, வெளிச்சத்தோடு ஒரு மைதானம் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அடுத்த தடவை ஏதாவது அணி 'காஞ்சி' என்று பேர் கேட்டு வந்தால், பேருக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: அணியில் காஞ்சிபுரத்துக்காரன் எத்தனை பேர்? இங்கே எத்தனை ஆட்டம்?

மேற்படி வாலிபரை நேற்று மறுபடி பார்த்தோம். கடை மூடுகிற நேரம். ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் தேர்வு வைத்தால் வருவீர்களா என்று கேட்டோம்.

"எந்த செவ்வாய் சார்?" என்றார்.