இரண்டு குறிகளும் பதினைந்து பைட்டுகளும்

இலக்கியம் பேசும் இடத்தில் கணினிப் புதிருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் எங்களிடம் முகம் சுளித்திருக்கிறார்கள். எழுத்துகளை இங்குமங்கும் அடுக்கிக் காட்டும் ஒரு நிரலை எத்தனை குறைவான குறிகளில் எழுதலாம் என்று மெனக்கெடுவது கழைக்கூத்து என்பது அவர்கள் கட்சி. சித்திரக்கவியைப் பார்த்தும் இதையேதான் அவர்கள் சொன்னார்கள். இரண்டையும் உட்கார்ந்து செய்து பார்க்காமலேயே சொன்னார்கள் என்பதுதான் எங்கள் புகார்.

புதிர் எளியது. ஒரு வாக்கியம் தரப்படுகிறது. அதன் சொற்களை மேலிருந்து கீழாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, தூண்களைப் போல எழுத வேண்டும். குறைந்த குறிகளில் முடிப்பவர் வென்றவர். குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் தள்ளும் ஆட்டத்தை வைத்து இதற்கும் கோல்ஃப் என்று பெயர். வழக்கமான மொழிகளில் இதை எழுதுகிறவர் முதலில் மிக நீண்ட சொல்லைத் தேடுவார். பிறகு ஒரு சுழற்சி, அதற்குள் இன்னொரு சுழற்சி. இந்தச் சொல்லில் இத்தனையாவது எழுத்து உண்டா என்று ஒரு சோதனை. இல்லையென்றால் ஒரு வெற்றிடம். பத்துப் பதினைந்து வரிகள் போய்விடும். டயலாக் ஏபிஎல்லில், சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்ட பிறகு, மிச்ச வேலைக்கு இரண்டே குறிகள். மேல்நோக்கிய அம்பு ஒன்று: சமமற்ற நீளமுள்ள சொற்களை வெற்றிடம் இட்டு நிரப்பி ஒரு கட்டமாக்குகிறது. குறுக்கே சாய்கோடு விழுந்த வட்டம் ஒன்று: அந்தக் கட்டத்தின் நிரைகளை நிரல்களாக்குகிறது. வேலை முடிந்தது. (இப்படிப்பட்ட கட்டத்துக்கு நம் கணிதப் பாடநூல்கள் தந்த பெயர் ‘அணி’. தண்டியலங்காரமும் அணி நூல்தான். இந்தத் தற்செயலை நாங்கள் ரசிக்கிறோம். அதன்மேல் கோட்பாடு எதையும் கட்டப்போவதில்லை.)

சாய்கோடிட்ட அந்த வட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிறந்த கென்னத் ஐவர்சன் தம் குறியீட்டை உருவாக்கியது கணினிக்காக அல்ல. ஹார்வர்டில் பாடம் நடத்துகையில் கரும்பலகையில் எழுதுவதற்காக. 1962இல் அது நூலாக வந்தது, 1966இல்தான் ஐபிஎம் நிறுவனத்தில் இயங்கும் மொழியானது. அன்றைய செலக்ட்ரிக் தட்டச்சுப் பொறியின் உருண்டை அச்சில் குறிகளுக்கு இடம் போதவில்லை. (அந்த உருண்டைக்கும் கோல்ஃப் பந்து என்றே செல்லப்பெயர்.) எனவே வட்டத்தை அடித்து, ஓரெழுத்து பின்னே வந்து, அதன்மேலேயே கோட்டை அடித்தார்கள். செங்குத்துக் கோடு விழுந்தால் இடவலமாகத் திருப்பு. கிடைக்கோடு விழுந்தால் தலைகீழாகத் திருப்பு. சாய்கோடு விழுந்தால் மூலைவிட்டத்தைச் சுற்றித் திருப்பு. கோடு எங்கே விழுகிறதோ அதுவே திரும்பும் அச்சு. செய்கையைத் தன் உருவத்திலேயே காட்டும் எழுத்தைக் கழைக்கூத்து என்று ஒதுக்குகிறவர்கள், எழுத்து என்பதையே ஒலிக்கு இட்ட முத்திரையாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டவர்கள்.

இனி, புதிரைச் சற்றே மாற்றுவோம். தூண்கள் கூரையிலிருந்து தொங்க வேண்டாம், தரையில் நிற்கட்டும். குட்டையான சொல்லுக்கு வெற்றிடம் மேலே வரட்டும். சுழற்சிகளால் எழுதியவர் நிரலைக் கலைத்துக்கொண்டு மறுபடி உட்கார வேண்டும். ஏபிஎல்லில் எழுதியவரோ, ஒவ்வொரு சொல்லையும் பின்முன்னாக்கி, கட்டமாக்கி, நிரை நிரல் மாற்றி, முழுவதையும் தலைகீழாக்குகிறார். ஐந்து குறிகள். கடைசி இரண்டு செயல்களை வேறு விதமாகவும் செய்யலாம் என்பது உடனே தெரிகிறது: மாற்றியபின் தலைகீழாக்குவதும், இடவலமாகத் திருப்பியபின் மாற்றுவதும் ஒன்றே. இதை நிறுவ நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. குறிகளை வைத்தே தாளில் நிறுவலாம். 1979இல் டூரிங் விருது பெற்றபோது ஐவர்சன் ஆற்றிய உரையின் பொருளே குறியீடு சிந்தனையின் கருவி என்பதுதான். அவருக்கு முன்பே, 1972இல், அதே விருதைப் பெற்ற டைக்ஸ்ட்ரா, இந்த மொழியைச் செம்மையாக முடிக்கப்பட்ட ஒரு பிழை என்று 1975இல் சாடினார். பெரியவர்களின் சாடலை மேற்கோளாக வைத்துக்கொண்டு படிக்காமல் தப்பிப்பது நம் சிற்றிதழ்ச் சூழலுக்கும் புதிதல்ல. சுருக்கம் வேறு, கஞ்சத்தனம் வேறு. இரண்டு குறிகளுக்குள் நின்றது குறைந்த தட்டச்சு அல்ல, புதிரைப் பற்றிய ஒரு தெளிவு: இது சுழற்சி அல்ல, திருப்பம்.

இதுவரை ஆட்டக்காரர்களின் பக்கம் நின்றோம். இனி அவர்களோடு சண்டை.

அதே இரண்டு குறிகளிடம் ‘தமிழ் மொழி’ என்று தந்து பாருங்கள். முதல் தூணில் மூன்று எழுத்துகளுக்குப் பதில் ஐந்து வரிகள் வரும். மகரம் ஒரு வரியில், அதன் இகரக் கொக்கி புள்ளி வட்டத்தைத் தொற்றிக்கொண்டு அடுத்த வரியில், ழகரம் தனியே, அதன் புள்ளி அதற்கும் கீழே அநாதையாக. ஒருங்குறியில் அந்தச் சொல் ஐந்து குறியிடங்கள் என்பதால் நிரல் ‘சரியாகவே’ இயங்கியிருக்கிறது! சரி என்று தீர்ப்புச் சொல்வது யார் என்பதே எங்கள் கேள்வி. யூடிஎஃப்-8இல் அதே சொல் பதினைந்து பைட்டுகள். ஏபிஎல்லின் குறிகளும் அந்த முறையில் ஆளுக்கு மூன்று பைட்டு பிடிக்கின்றவைதாம். ஆனால் அவற்றுக்கென ஒரு தனிக் குறிப்பட்டியல் உண்டு என்ற வாதத்தின்பேரில் ஆட்டத்தில் ஒற்றைப் பைட்டாகவே எண்ணப்படுகின்றன. டிஸ்கி காலத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். எங்களுக்கும் ஒரு பட்டியல் இருந்ததையா! 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்து, எழுத்துக்கு ஓரிடம் தரும் டேஸ்-16ஐயும் தரமாக ஏற்றது. புழக்கத்தில் வென்றது ஒருங்குறிதான். அதற்காக நாங்கள் ஒப்பாரி வைக்கவில்லை. கொம்பு, கொக்கி, கால், புள்ளி ஆகிய பன்னிரண்டு சார்புக் குறிகளையும் அவற்றின் முன்னெழுத்தோடு ஒட்டிவிடும் ஒரு சிறு துண்டைத் தொடக்கத்தில் சேர்த்தால், மிச்ச நிரல் அப்படியே நின்று தமிழை ஒழுங்காக அடுக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டும் அப்போதும் முரண்டு பிடிக்கும். அவற்றோடு நமக்கு வேறு பழைய கணக்குகள் இருக்கின்றன, போகட்டும். ஆனால் அந்தத் துண்டின் நீளம் தமிழில் எழுதுகிறவனின் கணக்கில் மட்டும் ஏறுகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு அந்தச் செலவே இல்லை. இதைத்தான் சமமான ஆட்டம் என்கிறார்கள்.

எண்ணுவதற்கு நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஒற்றுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே ‘தமிழ்’ இரண்டெழுத்து. அபிராமி அந்தாதி முழுவதும் நடந்தது இந்த அளவுகோலில்தான். சுழிகுளத்திலோ ஒற்றுக்கும் தனிக் கட்டம் உண்டு. அங்கே அதே சொல் மூன்றெழுத்து. பாவகைதான் அளவுகோலைத் தீர்மானித்தது, ஏட்டில் ஓலை எத்தனை விரற்கடை செலவானது என்பதல்ல.

சுழிகுளத்தைச் சொல்லிவிட்டதால் அதையும் பிரித்துப் பார்த்துவிடலாம். அடிக்கு எட்டெழுத்தாக நான்கு அடி. முதல் நிரலில் மேலிருந்து இறங்கி, கடைசி நிரலில் கீழிருந்து ஏறினால் முதல் அடியே மறுபடி கிடைக்க வேண்டும். இரண்டாம் நிரலும் ஏழாம் நிரலும் சேர்ந்து இரண்டாம் அடி. இப்படியே உள்ளே சுழிந்து செல்லும். அணிமொழிக்காரன் கண்ணால் பார்த்தால், இது நான்குக்கு நான்கான இரு கட்டங்கள். இடக்கட்டத்தை நிரை நிரல் மாற்றினாலும் அது தானேயாக இருக்க வேண்டும். வலக்கட்டத்தை இடவலமாகத் திருப்பிவிட்டால் அதற்கும் அதே விதி. ஆக 32 எழுத்தில் புலவர் கையில் இருப்பவை கட்டத்துக்குப் பத்தாக இருபதுதான். மற்றப் பன்னிரண்டும் விதியால் வந்து உட்காருகின்றன. உட்கார்ந்த பிறகு அடி பொருள் தர வேண்டும். இந்தக் கணக்கை நாங்கள் போட்டது ஐவர்சனின் இரண்டு வட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான். அதற்கு முன்பு சித்திரகவி விளக்கத்தைப் பலமுறை புரட்டியும், அரிய சாதனை என்று பொதுவாகப் பாராட்டிவிட்டு நகர்ந்திருக்கிறோம். எந்த எழுத்து புலவருடையது, எந்த எழுத்து விதியுடையது என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

இந்த வட்டங்களை வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. ஒரு சுழிகுளத்தை எடுத்து, எந்த இருபது எழுத்து என்று குறித்துக் காட்டுங்கள். ஆட்டக்காரர்களுக்கும் ஒரு புதிர் தருகிறோம்: நான்கு அடிகளைத் தமிழில் உள்ளே வாங்கி, அது சுழிகுளமா இல்லையா என்று சொல்லும் நிரல். உள்ளீட்டை எழுத்தில் எண்ண வேண்டும், பைட்டில் அல்ல.